காலை ஆறு மணிக் கணக்கு

டர்பன் தெற்கில் இரவு ஷிப்ட்.
ஆறு திரைகள், ஒரு கெட்டில், நான்.
செக்குண்டாவில் குழாய் ஏறிய எரிவாயு
மலையிறங்கி, கரும்புக் காடெல்லாம் கடந்து
இங்கே வந்து அடுப்பேறுகிறது:
கண்ணாடிச் சூளை, சர்க்கரை ஆலை,
விடிய விடிய ரொட்டி சுடும் ஒரு கூடம்.

அதை நான் பார்த்ததில்லை.
எனக்கு அது வெறும் எண்.
நாற்பத்தொன்று பார். நாற்பது புள்ளி எட்டு.
குழாய்க்குள் எவ்வளவு படுத்திருக்கிறது என்பதை
அழுத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன்,
மூச்சை வைத்து உறக்கத்தின் ஆழம் சொல்வதுபோல.

மேசையில் ஒரு கோப்பு.
"ஐரோப்பாவில் எப்படிச் செய்கிறார்கள், இரண்டு பக்கத்தில் எழுதித் தா"
என்று போய்விட்டார் மேலாளர் ந்துலி.

எழுதுகிறேன்:
சமநிலை மண்டலம் என்பது
வரைபடத்தில் ஒரு மூடிய கோடு.
கோட்டுக்குள் வந்துவிட்ட வாயுவுக்குச் சொந்த ஊர் கிடையாது.
நார்வேக் கடலடியா, கப்பலில் உறைந்து வந்ததா,
எந்த வழி, எத்தனை தூரம்,
கேட்பாரில்லை.
வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு;
நாள் முடிவில் இரண்டும் ஒத்தால் போதும்.
ஒக்காவிட்டால் தண்டம்.

ஜெர்மனியில் ஒரு காலத்தில் டஜனுக்கு மேல்.
பிறகு இரண்டு. இப்போது ஒன்று.
வடக்கு தெற்கு என்றிருந்த பிரான்ஸும் ஒன்றாகிவிட்டது.
பெல்ஜியமும் லக்சம்பர்க்கும் ஒரே ஏடு.
எஸ்டோனியா, லாட்வியா:
இரண்டு கொடி, இரண்டு மொழி, ஒரு தராசு.
ஒரு கோட்டை அழிக்க அவர்களுக்கும்
ஆண்டுக்கணக்கில் கூட்டம்,
அண்டா அண்டாவாய்க் காபி.

மண்டலம் என்று
ஐந்தாவது தடவை தட்டும்போது விரல் நின்றது.

இந்தச் சொல் எங்கள் வீட்டுக்கு முன்பே வந்திருக்கிறது.
கேட்டோ மேனரில் அப்பாவுக்கு ஏழு வயதானபோது
அரசாங்க முத்திரையோடு, தபாலில்.
எந்த ஊர், எந்த நிறம், எந்தத் தலைமுடி,
எல்லாம் கேட்ட மண்டலம் அது.
மெரிபாங்க் எங்களுக்கு.
வெண்ட்வொர்த் இன்னொருவருக்கு.
லமொண்ட்வில் வேறொருவருக்கு.
கடல் தெரியும் மேடு யாருக்கென்று சொல்ல வேண்டியதில்லை.
சுத்திகரிப்பு ஆலையின் புகைக்கு மட்டும்
எல்லா இடத்துக்கும் பாஸ் இருந்தது.
தம்பியின் இன்ஹேலர்
பென்சில் பெட்டிக்குள் கிடந்து வளர்ந்தது.

நான்கு பத்து. தொலைபேசி.
பூபாலன் நாய்க்கர், பெயின்ட் ஆலை.
பாய்லர் படுத்துவிட்டதாம், கேட்ட வாயு வேண்டாமாம்.
ஆங்கிலத்தில்தான் சொன்னான்,
ஐயோவை மட்டும் தமிழில்.

நான்கு இருபது. மறுபடி.
தெம்பெக்கா, கண்ணாடிச் சூளை.
கேட்டதைவிட அதிகம் தின்கிறது; குறைக்கவும் முடியாது,
குறைத்தால் கண்ணாடி இறுகிச் சூளையே கல்.

இங்கே மீதி, அங்கே குறை,
கிட்டத்தட்ட ஒரே அளவு.
குழாய்க்கு எதுவும் தெரியாது. முள் அசையவில்லை.
எங்கள் விதிப்படி இருவருக்கும் தனித்தனித் தண்டம்.
அங்கே என்றால், இடமே இல்லாத ஒரு சந்தையில்
விடியுமுன் கைமாற்றியிருப்பார்கள்,
வாயு புரண்டுகூடப் படுக்காமல்.

பெரிதாய் ஒன்றும் செய்துவிடவில்லை நான்.
அவள் எண்ணை அவனுக்குக் கொடுத்தேன்.
கொடுத்த பிறகு விதிப்புத்தகத்தைப் புரட்டினேன்.
கூடாதென்று எங்கும் இல்லை; கூடுமென்றும் இல்லை.
ஐந்து ஐம்பதுக்கு ஒரு புகைப்படம்:
இரண்டு கையெழுத்திட்ட தாள்,
ஓரத்தில் மஞ்சள் பெயின்ட் கட்டைவிரல்.

ஆறு. வாயுவின் நாள் முடிந்தது.
வந்தது, போனது, படுத்திருப்பது எழுதி
கையெழுத்துப் போட்டேன்.
கோப்பில் 'பரிந்துரை' என்ற தலைப்பின் கீழே
இன்னும் வெள்ளை.

வீட்டுக்கு மினிபஸ் டாக்ஸி.
பின்னிருக்கையிலிருந்து சில்லறை
தோளுக்குத் தோள், கைக்குக் கை முன்னே போகிறது,
யாருடையது எது என்று யாரும் எழுதிவைக்காமல்.
பாக்கி அதே கைகளில் ஏறித் திரும்பி வருகிறது.
வெண்ட்வொர்த் திருப்பத்தில் ஓட்டுநர்
கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சொல்கிறார்:
இரண்டு ராண்ட் குறைகிறது.

பதினைந்து பேரும்
பையைத் தடவுகிறோம்.